முந்திரிகை விதை வந்த வழி

எங்கள் வீட்டு பிரிஜ்ஜுக்கு மேலே, ஓதித் தந்த தண்ணீர்ப் போத்தலுக்கும் கிளினிக் கொப்பிக்கும் நடுவில், ஒரு கபில நிறப் போத்தல் ஒன்றரை மாதம் இருந்தது. கத்தாரில் வேலை செய்யும் மச்சான் லீவில் வந்தபோது உம்மாவுக்கென்று கொண்டு வந்தது. லேபிளில் தண்ணீர்த் துளி உருளும் கறுத்த முந்திரிகைக் குலை ஒன்று. அதன் கீழே ‘அன்டிஒக்சிடன்ட்’ என்று பெரிய ஆங்கில எழுத்து. உள்ளே அறுபது குளிசை. ஒவ்வொன்றிலும் முந்திரிகை விதைச் சத்து, கூடவே ரெஸ்வெரட்ரோல் என்று இன்னொரு பெயர்.

“இதுக்குள்ள பழம் இருக்காம் மனே. இதப் போட்டா பிறசரும் ஏறாதாம், சீனியும் ஏறாதாம்” என்று உம்மா சொன்னார். அந்த ‘ஆம்’ யாரிடமிருந்து வந்தது என்று நான் அப்போது கேட்கவில்லை.

எங்கள் ஊரான கல்முனையில் திராட்சை என்று சொல்பவர் குறைவு. எங்களுக்கு அது முந்திரிகை. தமிழ்நாட்டார் முந்திரி என்று சொல்லும் பருப்பு எங்களுக்குக் கஜு. காய்ந்த முந்திரிகை பிளம்ஸ் ஆகிவிடும். புரியாணியிலும் பெருநாள் பலகாரத்திலும் விழும். யாழ்ப்பாணத்து உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துப் பந்தல்களில் விளையும் கறுத்தப் பழத்தைச் சின்ன வயதிலேயே தின்றிருக்கிறோம். குர்ஆனில் ஈத்தம்பழத்தோடு சேர்த்துப் பல இடங்களில் பேசப்படும் பழம் அது. காய்ந்த முந்திரிகையை இரவில் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்துப் போவதற்கு முன் குடிக்கும் நபீது பற்றி ஹதீஸ்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே அந்தப் போத்தலை எங்கள் வீட்டில் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் உம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆறாவது கிழமை கிளினிக்கில் உம்மாவின் பிறசர் 170க்கு 100 என்று காட்டியது. இரண்டு வருடமாக 130ஐத் தாண்டாதவர். வைத்தியர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குளிசை ஒழுங்காப் போடுறீங்களா உம்மா?” என்று கேட்டார். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார், பிறசர்க் குளிசையான லொசார்ட்டனை நிறுத்தி மூன்று கிழமையாகிறதாம். “ரெண்டு மருந்தும் சேந்தா வயிறு தாங்காதெண்டு நினைச்சன். அது வெளிநாட்டு மருந்துதானே.” வைத்தியர் ஏசவில்லை. பழைய குளிசையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார், போத்தலை அடுத்த முறை கொண்டு வந்து காட்டச் சொன்னார். அன்று இரவு நான் அந்தப் போத்தலை எடுத்து வைத்துக்கொண்டு, இது எங்கிருந்து புறப்பட்டு எங்கள் பிரிஜ்ஜுக்கு மேலே வந்து உட்கார்ந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடிப் போன வழி நீளமானது. அதன் தொடக்கத்தில் முந்திரிகையே இல்லை.

1535ஆம் ஆண்டின் குளிர்காலம். ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமியின் கப்பல்கள் கனடாவில், இன்றைய குபெக் நகரம் இருக்கும் இடத்தருகே, பனிக்கட்டியாய் உறைந்த ஆற்றில் சிக்கிக்கொண்டன. அவரோடு இருந்தவர்கள் சுமார் 110 பேர். உப்பிட்ட இறைச்சியையும் காய்ந்த ரொட்டியையும் தின்று கிடந்த அவர்களை ஸ்கர்வி பிடித்தது. முரசு வீங்கி இரத்தம் கசிந்தது, கால்கள் கறுத்தன, 25 பேர் இறந்தார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒருவரான டொமகாயா, ‘அன்னெட்டா’ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையையும் இலையையும் அவித்துக் குடிக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். குடித்தவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது அந்த இலையிலிருந்த விற்றமின் சி என்று இன்று சொல்கிறார்கள். விற்றமின் என்ற சொல்லே பிறக்க இன்னும் கிட்டத்தட்ட நாலு நூற்றாண்டு இருந்தது. பட்டை அவித்த அந்தக் கசப்புத் தண்ணீரின் கதை மட்டும் கார்த்தியேயின் பயணக் குறிப்பில் ஏறிக் காத்துக் கிடந்தது.

அடுத்த தரிப்பிடம் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் கச்சான் பிண்ணாக்கை மாட்டுக்குப் போடலாமா, மனிதர் உணவில் சேர்க்கலாமா, அதில் கலந்திருக்கும் சிவப்புத் தோலில் நஞ்சு ஏதும் இருக்குமா என்று பார்க்கும் வேலை ஓர் இளம் ஆய்வாளரின் கையில் வந்தது. அவர் பெயர் ஜாக் மாஸ்கெலியே. தோலில் நஞ்சு இல்லை. அதிலிருந்து நிறமில்லாத ஒரு பொருளை அவர் பிரித்தெடுத்தார். அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் அது சிவந்தது. இரத்தக் குழாய்களின் மெல்லிய சுவரை அது பலப்படுத்துவதாகப் பிராணிகளில் பார்த்தார். 1948இல் அதைத் தன் கலாநிதிப் பட்ட ஆய்வாக எழுதினார். 1950இல் அது ‘ரெசிவிட்’ என்ற பெயரில் பிரான்சில் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். கச்சான் தோல்! கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேற்றம் நடக்கும் பன்னிரண்டு நாளும், கடற்கரை மணலில் கச்சான் கடை வரிசை போட்டிருக்கும். வறுத்த கச்சானை உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, அந்தச் சிவப்புத் தோலைக் காற்றில் பறக்கவிட்டுத்தான் நாங்கள் பருப்பை வாயில் போடுவோம். உலகச் சந்தையில் முந்திரிகை விதையின் பெயரால் விற்கப்படும் அந்தச் சத்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நாங்கள் ஊதிவிடும் தோலிலிருந்துதான்.

அந்தச் சத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் புரோஅந்தோசயனிடின். எங்கள் நாக்கு அதைத் துவர்ப்பு என்று அறியும். முந்திரிகையைத் தின்னும்போது விதையைத் தவறிக் கடித்துவிட்டால் வாய் உலர்ந்து இழுக்குமே, அதுதான். அந்த மூலக்கூறுகள் எச்சிலிலிருக்கும் புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் நாக்கின் வழுவழுப்புப் போய்விடுகிறது. கச்சான் தோலும், பாக்கும், கஜுப் பருப்பின் மெல்லிய தோலும் துவர்ப்பது இந்தக் குடும்பத்து மூலக்கூறுகளால்தான். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணிய முன்னோர் அதைச் சாப்பாட்டில் அளவோடு வைத்தார்கள்.

கார்த்தியேயின் குறிப்பைப் படித்த மாஸ்கெலியே அடுத்ததாக ஊசியிலை மரத்தின் பட்டையில் தேடினார். 1951இல் அதிலும் அதே பொருள் கிடைத்தது. 1970இல்தான் அவர் முந்திரிகை விதைக்கு வந்தார். போர்தோ வைனுக்குப் பேர் போன பகுதி. பழத்தைப் பிழிந்த பிறகு தோலும் விதையும் காம்புமாய் மலை மலையாய்ச் சக்கை குவியும். விதையைப் பிரித்துக் காயவைத்து, தண்ணீரிலோ மதுசாரத்திலோ ஊறவைத்து, வடித்து, ஆவியாக்கினால் செங்கபில நிறத் தூள் மிஞ்சும். வீசிப் போட்ட ஒன்றுக்கு விலை வந்தது. ‘என்டோடெலோன்’ என்ற பெயரில் அது பிரான்சில் கால் நாளங்கள் புடைத்து வலிப்பவர்களுக்கு வைத்தியர் எழுதும் மருந்தானது. இந்தக் கட்டம்வரை அந்தத் தூளிடம் யாரும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கால் வீக்கம், நாள வலி, அவ்வளவுதான்.

போத்தலில் இருந்த மற்றப் பெயரின் வழி வேறு. 1939இல் மிச்சியோ தகாவோக்கா என்ற ஜப்பானிய வேதியியலாளர், வெரட்ரம் என்ற நச்சுச் செடியிலிருந்து ரெஸ்வெரட்ரோலைப் பிரித்தெடுத்தார். பெயரின் வால் அந்தச் செடியின் பெயர்தான். 1976இல் லாங்கேக், பிரைஸ் என்ற இருவர் அதை முந்திரிகைக் கொடியின் இலையில் கண்டார்கள். பங்கசு பிடித்தால், காயம் பட்டால், கடும் வெயிலின் புறவூதாக் கதிர் பட்டால், கொடி அதைச் சுரக்கிறது. முந்திரிகைக்கு வரும் வருத்தத்துக்கு முந்திரிகை தானே செய்துகொள்ளும் மருந்து அது. கொடி அதைத் தன் பங்கசுக்காகச் செய்தது, எங்கள் உம்மாவின் பிறசருக்காகச் செய்யவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் கதை நன்றாக விளங்கும்.

1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் ஒரு கேள்வி எழுந்தது. வெண்ணெயும் சீஸும் இவ்வளவு தின்னும் பிரெஞ்சுக்காரருக்கு மாரடைப்பு ஏன் குறைவு? சிவப்பு வைன் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர். அடுத்த வருடம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். 1992இலேயே கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருவர் வைனில் ரெஸ்வெரட்ரோல் இருப்பதைக் காட்டினார்கள். அமெரிக்கக் கடைகளில் சிவப்பு வைன் விற்பனை எகிறியது. ‘அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பேச்சின் நிலை இன்று என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1988இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. உடலுக்குக் கேடில்லாத மதுவின் அளவு என்று ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

வைனை வாயில் வைக்காத எங்களைப் போன்றவர்களிடம் அந்த நம்பிக்கை வேறு வழியாக வந்து சேர்ந்தது. ‘வைனிலுள்ள நல்லதை மட்டும் எடுத்து, ஹராமை விட்டுவிட்டோம்’ என்று சொல்லாமல் சொல்கிறது இந்தக் குளிசை. வளைகுடாக் கடைகளில் அதற்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வியும் அதுதான். குளிசையின் கூடு எந்த மிருகத்தின் ஜெலற்றின்? தூளைப் பிரித்தெடுக்க ஊற்றிய மதுசாரம் மிச்சமிருக்குமா? ஹலால் முத்திரையைத் தேடினோம், இருந்தது, நிம்மதியானோம். வேலை செய்யுமா என்ற கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை. ஹலால் என்றால் நல்லது என்றும், நல்லது என்றால் மருந்து என்றும் எங்கள் மனம் தானாகவே தாண்டிப் போய்விட்டது.

அன்டிஒக்சிடன்ட் என்ற சொல்லுக்கு இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் ஒரு கருத்தை வைத்தார். நாம் மூச்சு விடும் ஒட்சிசனிலிருந்து உடலுக்குள் சுயாதீன மூலிகங்கள் உண்டாகின்றன, அவை கலங்களை அரிக்கின்றன, அந்த அரிப்புத்தான் மூப்பு. இரும்பில் துரு ஏறுவதைப் பார்த்த யாருக்கும், கடல் காற்றில் ஜன்னல் கம்பி உதிர்வதைத் தினமும் பார்க்கும் எங்களுக்கு இன்னும் கூடுதலாக, இந்தக் கருத்து உடனே பிடித்துப் போகும். துருவைத் தடுக்கும் பொருளை விழுங்கினால் மூப்பும் வருத்தமும் விலகும் என்பது அதிலிருந்து பிறந்த ஆசை.

ஆசையை மனிதரில் சோதித்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, பீற்றா கரோட்டினும் விற்றமின் ஈயும் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீற்றா கரோட்டின் போட்டவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரோடு நடந்த இன்னொரு சோதனையை 1996இல் இதே காரணத்துக்காக முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2012இல் கொக்ரேன் அமைப்பு 78 சோதனைகளை, கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. அன்டிஒக்சிடன்ட் குளிசை யாருடைய ஆயுளையும் நீட்டவில்லை. பீற்றா கரோட்டினும் விற்றமின் ஈயும் கொஞ்சம் குறைத்திருக்கக் கூடும். அவை முந்திரிகைச் சத்து அல்ல என்பது உண்மைதான். ஆனால் ‘அன்டிஒக்சிடன்ட்’ என்ற சொல்லை ஒரு நற்சான்றிதழ் போல லேபிளில் ஒட்ட முடியாது என்பதற்கு இது போதும். சுயாதீன மூலிகங்கள் முழுக்க எதிரிகளும் அல்ல. எங்கள் வெண்குருதிக் கலங்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்துவதும் அவற்றைத்தான்.

ரெஸ்வெரட்ரோலின் பெரிய நாட்கள் 2003இல் தொடங்கின. டேவிட் சின்க்ளேயரும் கூட்டாளிகளும் அது மதுவத்தின் ஆயுளை நீட்டுவதாக ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 2006இல் கொழுப்பு நிறைந்த தீனி தின்ற எலிகளை அது காப்பாற்றியதாக அடுத்த கட்டுரை. எலிகளுக்குக் கொடுத்த அளவு, உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 22 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு அதே கணக்கைப் போட்டால் 1,300 மில்லிகிராமைத் தாண்டும். ஒரு லீற்றர் சிவப்பு வைனில் இருப்பதோ சில மில்லிகிராம்தான். சின்க்ளேயர் தொடங்கிய சேர்ட்ரிஸ் கம்பனியை 2008இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் 720 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இரத்தப் புற்றுநோயாளிகளில் நடந்த ஒரு சோதனை 2010இல் நின்றது, சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதால். 2013இல் அந்தக் கம்பனியையே மூடிவிட்டார்கள். சாதாரணத் தீனி தின்ற எலிகளின் ஆயுளை ரெஸ்வெரட்ரோல் நீட்டவில்லை என்பதும் இதற்குள் தெரிந்துவிட்டது.

இன்னொரு அடியும் விழுந்தது. ரெஸ்வெரட்ரோலும் இதயமும் பற்றி ஏராளமாக எழுதிய திபக் தாஸ் என்ற ஆய்வாளர் 145 இடங்களில் தரவுகளைப் புனைந்தோ திரித்தோ இருந்தார் என்று 2012இல் அவருடைய கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவித்தது. வருத்தக்காரர் ஒருவர் நம்பி விழுங்குவது குளிசையை மட்டுமல்ல, அதற்குப் பின்னாலிருக்கும் ஆய்வுகளையும் சேர்த்துத்தான். அதில் பொய் கலந்தால் அது கத்தாரையும் கல்முனையையும் தாண்டி யார் வீட்டு பிரிஜ்ஜுக்கு மேலேயோ போய் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இத்தாலியில் நடந்தது. வைனுக்குப் பேர் போன கியாந்தி பகுதியின் இரண்டு ஊர்களில் 65 வயது தாண்டிய 783 பேரின் சிறுநீரை எடுத்து, ரெஸ்வெரட்ரோலின் எச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். பிறகு ஒன்பது வருடம் காத்திருந்தார்கள். 268 பேர் இறந்துபோனார்கள். 2014இல் வந்த முடிவின்படி, எச்சம் கூட இருந்தவர்களும் குறைய இருந்தவர்களும் இறந்த வீதத்தில், மாரடைப்பில், புற்றுநோயில் வித்தியாசம் காணப்படவில்லை. அவசரமில்லாமல், மனிதரை மனிதராக வைத்து, அவர்கள் உண்மையில் உண்ணும் அளவில் பார்த்த ஆய்வு அது.

இவ்வளவுக்குப் பிறகும் போத்தல் கடல் கடந்து வந்தது எப்படி? சந்தைக்கு இந்தச் செய்தியெல்லாம் மெதுவாகத்தான் போய்ச் சேரும். சந்தையில் விற்கும் ரெஸ்வெரட்ரோலில் பெரும்பங்கு முந்திரிகையிலிருந்து வருவதே இல்லை. ‘ஜப்பானிய நொட்வீட்’ என்ற செடியின் கிழங்குவேரை அரைத்து எடுப்பது, பெரும்பாலும் சீனாவில். லேபிளில் குலை குலையாய் முந்திரிகை, உள்ளே வேர். பொருள் ஒன்றேதான் என்று வேதியியல் சொல்லும், உண்மை. ஆனால் உம்மா நம்பியது அந்த மூலக்கூறை அல்ல, அந்தப் பழத்தை.

தூள் ஒரு நாட்டில், கூடு இன்னொரு நாட்டில், லேபிள் மூன்றாவது நாட்டில். அங்கிருந்து வளைகுடாவின் பெரிய கடைகளுக்கு. அங்கிருந்து லீவில் வருகிறவர்களின் பெட்டியில், நிடோ பால்மாவுக்கும் டைகர் பாமுக்கும் நடுவில், கட்டுநாயக்கவில் இறங்கி, இரவு பஸ்ஸில் மட்டக்களப்பு வழியாகக் கல்முனைக்கு. இலங்கையில் மருந்துக்கும் உணவுக்கும் இடையில் நிற்கும் இப்படியான பொருட்களையும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் கொண்டு வந்திருக்கிறது. கடையில் விற்பதற்கு அது பொருந்தும். பாசத்தோடு பெட்டியில் வரும் போத்தலுக்கு எந்தச் சட்டத்தால் காவலிருக்க முடியும்?

கடைசித் தூரம் உடலுக்குள். அதுதான் மிகவும் குறுகியது, ஆனால் அங்கேதான் இந்தப் பயணி களைத்து விழுகிறார். 2004இல் ஆறு பேருக்கு 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரோலைக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். முக்கால் பங்களவு குடலால் உறிஞ்சப்பட்டது. ஆனால் குடற்சுவரும் ஈரலும் அதை உடனே பிடித்து, வேறு பொருள்களோடு கட்டி, சிறுநீருக்கு அனுப்பிவிட்டன. இரத்தத்தில் மாறாமல் மிஞ்சியது மிகச் சொற்பம். விதைச் சத்தின் நிலை இன்னும் வேறு. அதன் பெரிய மூலக்கூறுகள் குடலைத் தாண்டுவதே கடினம். அவை பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பக்டீரியாக்களால் உடைக்கப்பட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் உள்ளே சேர்கின்றன. ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயில் மூலிகத்தை அணைத்த அந்த வீரர், உடலுக்குள் அதே வடிவத்தில் வருவதில்லை.

அப்படியானால் பயனே இல்லையா? அப்படிச் சொல்வதும் நேர்மையல்ல. முந்திரிகை விதைச் சத்து குருதி அமுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று பல சிறு சோதனைகள் காட்டியிருக்கின்றன. 2011இல் ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் மேல் அளவு சராசரியாக 1.5 புள்ளி இறங்கியது. பிறகு வந்த தொகுப்பு ஒன்று ஆறு புள்ளிவரை சொல்கிறது. கால் நாள வலிக்கும் ஏதோ உதவி இருக்கலாம். ஆனால் சோதனைகள் சிறியவை, குறுகியவை. 170இல் நிற்கும் ஒருவருக்கு ஒன்றரைப் புள்ளி எதைக் காக்கும்?

கேடும் உண்டு. 2005இல் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில், பிறசருக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த 69 பேரில் நடந்த சோதனையில், விதைச் சத்தையும் விற்றமின் சியையும் ஒன்றாகப் போட்டவர்களுக்குப் பிறசர் ஏறியது. எங்கள் ஊரில் இந்த இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்து விழுங்குகிற எத்தனையோ பேரைத் தெரியும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின், அஸ்பிரின் போடுகிறவர்களும், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இதை வைத்தியரிடம் சொல்லாமல் போடக் கூடாது, இரத்தப்போக்கு கூடலாம். கோப்பன்ஹேகனில் 2013இல் நடந்தது என் மனதை இன்னும் தைக்கிறது. அறுபத்தைந்து வயதளவில் 27 ஆண்களை எட்டுக் கிழமை உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்கு ரெஸ்வெரட்ரோல், மீதிப் பேருக்குச் சும்மா குளிசை. சும்மா குளிசை போட்டவர்களுக்குப் பயிற்சியால் குருதி அமுக்கமும் கொலஸ்ரோலும் இறங்கின. ரெஸ்வெரட்ரோல் போட்டவர்களுக்கு அந்த நன்மை மங்கிப்போனது. சுபஹுக்குப் பிறகு கடற்கரையோரம் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வந்து, அதே கையால் இந்தக் குளிசையை எடுத்துப் போடும் எங்கள் வாப்பாமாரை நினைத்துக்கொண்டேன்.

“கிளினிக்கில தாறது கெமிக்கல், இது பழம்” என்பார்கள். அந்தக் கெமிக்கலின் ஊரையும் தேடிப் பார்த்தேன். சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் இலவசமாகத் தரும் மெட்ஃபோமினும் ஒரு பச்சிலையில் தொடங்கியதுதான். ஐரோப்பாவில் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் வளரும் கலேகா என்ற செடியில் கண்ட ஒரு பொருளைப் பின்தொடர்ந்து, அதன் நஞ்சை விலக்கி, 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டேர்ன் அதை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார். 1998இல் பிரித்தானியாவின் பெரிய, நீண்ட ஆய்வொன்று, உடல் பருத்த சீனி வருத்தக்காரர்களில் அது மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கிறது என்று காட்டியது. இரண்டும் செடியிலிருந்து புறப்பட்டவை. ஒன்று சோதனை என்ற சோதனையெல்லாம் கடந்து வந்தது. மற்றது லேபிளில் இருக்கும் குலையைக் காட்டி உள்ளே வந்தது.

இலங்கையில் இதைப் பற்றி முன்பே ஆழமாக யோசித்த ஒருவர் இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே. தேவையான மருந்து எது, பெயருக்காகவும் பகட்டுக்காகவும் விற்பது எது என்று பிரித்து, 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, ஏழைக்கும் நல்ல மருந்து மலிவாகக் கிடைக்க வழி செய்தவர். உம்மா கொப்பியைக் காட்டிக் காசில்லாமல் வாங்கி வரும் அந்த வெள்ளைக் கடதாசிப் பை, அவரைப் போன்றவர்கள் நமக்கு வாங்கித் தந்தது. இன்று இந்நாட்டில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அந்தப் பையை வீட்டில் கிடக்க விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் விலையான போத்தலை நம்புவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

எங்கள் சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்பாறை மாவட்டம் நெல்லுக்குப் பேர் போனது. நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளில் விளையும் சிவப்பரிசியின் அந்தச் சிவப்பும் புரோஅந்தோசயனிடின்தான், முந்திரிகை விதையிலுள்ள அதே குடும்பம். அது தவிட்டில் இருக்கிறது. நாங்கள் மில்லில் கொடுத்துத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கித் தவிட்டைக் கோழிக்குப் போடுகிறோம். உடனே சிவப்பரிசியை மருந்தென்று போத்தலில் அடைக்கவும் நான் வரவில்லை. ஏனென்றால் இதே பொருள் பாக்கிலும் நிறைய உண்டு. அந்தப் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிப்படுத்தியது. எங்கள் மூத்தம்மாமார் வெற்றிலைத் தட்டத்தோடு இருந்த காலத்தில் அன்டிஒக்சிடன்டுக்குக் குறைவிருக்கவில்லை. தீட்டாத சிவப்பரிசியில் நார் இருக்கிறது, அது சீனி ஏறும் வேகத்தைத் தணிக்கும், வயிறு நிறையும். முந்திரிகையையும் அப்படித்தான் பழமாகத் தின்னலாம், சீனி வருத்தக்காரர் எண்ணித் தின்னலாம்.

உம்மாவின் பிறசர் இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது. போத்தலை வைத்தியரிடம் கொண்டு போய்க் காட்டினோம். பார்த்துவிட்டு, “மருமகன்ட அன்பு இது, வச்சிக்கொள்ளுங்க, குளிசைய மட்டும் விட்டுடுங்க” என்றார். இப்போது அதில் கராம்பு இருக்கிறது.

அந்த வருடக் கொடியேற்றத்துக்கு உம்மாவைக் கூட்டிப் போனேன். கடற்கரை முழுக்கச் சனம். ஒரு சுருள் கச்சான் வாங்கி மணலில் உட்கார்ந்தோம். உம்மா உள்ளங்கையில் தேய்த்து ஊதப் போனவரை நிறுத்தி, மாஸ்கெலியேயின் கதையைச் சொன்னேன். அவர் ஒரு தோலை மட்டும் நுனிவிரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“துவர்க்குது. இதையா மனே அவன் மருந்தெண்டான்?”

“முதல்ல இதத்தான் உம்மா.”

மிச்சத் தோலை ஊதிவிட்டார். காற்று அதைக் கடல் பக்கமாக அள்ளிக்கொண்டு போனது. பருப்பில் பாதியை என் கையில் கொட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார்.

“இஷாவுக்குச் சொல்லப் போறாங்க. ராவுக் குளிசை இருக்கு, வா போவம்.”